மோட்டாருக்கு ஓர் இடம்: கட்டிவைப்பதும் தவக்குலும்



எங்களிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கின்றது என்று அறியும் உறவினர்கள், "காற்றில் ஓடும் படகுக்குப் பெட்ரோல் மோட்டார் எதற்கு?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்த மோட்டார் பெரிய படகுக்கு உரியது அன்று; அதனுடன் கூடவே வரும் சிறிய காற்றடைத்த படகுக்கு உரியது. பாய்ப்படகின் அடியில், அது கவிழாமல் இருப்பதற்காகக் கனத்த உலோக எடை பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அதனால் ஆழமில்லாத கரைக்கு வர இயலாது. சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்குச் செல்லவும் திரும்பி வரவும் ஒரு சிறு படகு வேண்டும். அதை டிங்கி என்பார்கள். அதன் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய சிறு இயந்திரம்தான் அவுட்போர்டு மோட்டார்.

எங்களுடைய படகு 27 அடி நீளம். என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய படகு. நாங்கள் பினாங்கில் வசிக்கின்றோம். படகு லங்காவியில் நிற்கின்றது. பள்ளி விடுமுறையில் கோலா பெர்லிஸ் வரை காரில் சென்று, அங்கிருந்து ஃபெர்ரியில் ஏறி, பிள்ளைகள் இருவருடனும் சில நாள்களைப் படகில் கழிப்போம். லங்காவியைச் சுற்றியுள்ள தீவுகளின் ஓரம் நங்கூரமிட்டால் குடிநீருக்கும் மளிகைக்கும் டிங்கிதான். குப்பையைக் கரையில் சேர்ப்பதற்கும் அதுதான். குவா நகரின் முன்னே நிற்கும் வெள்ளிக்கிழமைகளில் என் கணவரும் மகனும் அல்-ஹானா பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குச் செல்வதும் அதில்தான். ஆக, அந்த மோட்டார் எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. நிலத்தில் இருப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிள் எப்படியோ, நங்கூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது அப்படி.

ஆனால் பயன்படுத்தாத நேரத்தில் அதை எங்கே வைப்பது? இந்த ஒரு கேள்வி எங்கள் குடும்பத்தில் சில வாரங்கள் பேச்சாகவும், சில நாள்கள் மௌனமாகவும் நீடித்தது. அதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. படகே பார்த்திராத குடும்பங்களிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் இருக்கின்றது என்று எனக்குப் படுகின்றது.

முதலில் அந்தப் பொருளின் இயல்பைச் சொல்லவேண்டும். சிறு டிங்கிகளுக்கு இரண்டரை அல்லது மூன்றரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரே போதும். அந்த அளவில் இப்பொழுது விற்பவை பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்கள். எடை ஏறக்குறைய 13 முதல் 18 கிலோ. ஓர் அரிசி மூட்டையைத் தூக்குவது போன்றதுதானே என்று நினைக்கலாம். அரிசி மூட்டைக்கு மேல் பாரம் கீழ் பாரம் என்பது இல்லை. மோட்டாரிலோ எடை முழுவதும் தலைப்பக்கம் இருக்கும். ஆடுகின்ற ரப்பர் படகில் நின்றுகொண்டு, ஆடுகின்ற இன்னொரு படகின் மீது அதை ஏற்றவேண்டும். கை நழுவினால் அது கடலுக்குத்தான் சொந்தம்.

அதன் வயிற்றில் மூன்று திரவங்கள் இருக்கின்றன. தலையிலுள்ள சிறு தொட்டியில் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல். அதன் கீழே இயந்திர எண்ணெய். குளிரூட்டும் வழிகளில் மிச்சமிருக்கும் உப்புநீர். இந்த மூன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை மோட்டார் நமக்குச் சேவகன். சுழல்விசிறி இருக்கும் கால்பகுதியை உயர்த்தித் தலையைத் தாழ்த்தினால், உப்புநீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடக்கூடும். படுக்கவைக்கும்பொழுது தயாரிப்பாளர் குறித்திருக்கும் பக்கத்தைக் கவனியாமல் வேறு பக்கமாகக் கிடத்தினால், எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போகும். நிமிர்ந்து நிற்பதே அதற்கு நல்லது. ஒரு சிறு படகில் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்று கேட்கும் பொருள், மனிதனைப் போலவே செலவுமிக்க விருந்தாளி.

வைக்கக்கூடிய இடங்கள் நான்குதான். டிங்கியிலேயே விட்டுவிடலாம். காக்பிட் எனப்படும் திறந்த உட்காரும் பகுதியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைக்கலாம். உள்ளே, நாங்கள் உறங்கும் கேபினில் வைக்கலாம். அல்லது படகின் பின்புறக் கம்பித் தடுப்பில் ஒரு மரப்பலகையைப் பொருத்தி, அதில் மாட்டலாம்.

படகு எங்களிடம் வந்தபொழுது பின்புறக் கம்பியில் பழைய பலகை ஒன்று இருந்தது. அதில்தான் மாட்டிவந்தோம். ஒரு விடுமுறையில் எங்களுக்கு அருகே நின்ற படகிலிருந்து இரவோடு இரவாக மோட்டாரைக் கழற்றிச் சென்றுவிட்டனர். காலையில் அந்தப் படகின் முதியவர் பின்கம்பியின் அருகே நின்று வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி என் கணவரின் மனத்தில் தங்கிவிட்டது. சில ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள பொருள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எளிதில் மறுபடி வாங்கக்கூடியது அன்று.

அன்று மாலையே, நெடுங்காலமாகக் கடலில் பழகிய நண்பர் ஒருவர் அவருக்கு ஆலோசனை சொன்னார். காக்பிட் பெட்டியில் பாய்களும் கயிறுகளும் நிறைந்திருப்பதால், கேபினுக்குள் பின்படுக்கையின் கால்பக்கத்தில் மோட்டாரைப் படுக்கவைத்து, கதவைப் பூட்டிவிடும்படி கூறினார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அப்படி வைப்பவர்கள் பலர் இருக்கின்றனர் என்பதும் உண்மைதான். என் கணவரும் பின்படுக்கையை அளந்து பார்த்தார். சரியாக இடம் இருந்தது.

அந்தப் பின்படுக்கையில் உறங்குகின்றவன் எங்கள் மகன். அவனுக்கு அப்பொழுது பதினோரு வயது.

எனக்கு இயந்திரம் தெரியாது, சமையலறை தெரியும். திருமணமாகி வந்த புதிதில் என் மாமி எனக்குக் கற்பித்த முதல் பாடம், எரிவாயு வாடை வந்தால் விளக்கின் சுவிட்சைத் தொடாதே என்பது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படியும். பெட்ரோல் ஆவி அதனினும் கனமானது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். வீட்டிலாவது வாசற்படி வழியே அது வெளியேற வழியுண்டு. படகு என்பது ஒரு கிண்ணம். உள்ளே சிந்தும் எதுவும் கீழே இறங்கி, தரைப்பலகைக்கு அடியிலுள்ள குழியில் தேங்கும். மேலே சாளரத்தைத் திறந்துவைத்தாலும் அடியில் தேங்கியது எளிதில் வெளியேறாது. அங்கேதான் நீர் இறைக்கும் பம்பின் மின்கம்பி இருக்கின்றது. அதன் அருகேதான் பாட்டரியும் இயந்திரத்தின் ஸ்டார்ட்டரும் இருக்கின்றன. ஒரு பொறி போதும்.

"நம் படகின் உள்ளேயே டீசல் இருக்கின்றதே, அதற்கு அஞ்சவில்லையே?" என்று என் கணவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழ, டீசல் 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவேண்டும். பெட்ரோலுக்கு உறைகுளிரே போதும். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 பாகையிலேயே அது அத்தகைய ஆவியை விடத் தொடங்கிவிடுகின்றது. நம் நாட்டு வெப்பத்தில் அது எந்நேரமும் ஆவியாகிக்கொண்டேயிருக்கும் பொருள். காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். அடிக்குழி போன்ற சிறிய இடத்துக்கு ஒரு தேநீர்க் கோப்பைக்கும் குறைவான பெட்ரோல் அதற்குப் போதுமானது. தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத்திருகு சற்று நெகிழ்ந்திருந்தாலும், கார்பரேட்டரில் மிச்சமிருந்தது கசிந்தாலும் அந்த அளவு சேர்ந்துவிடலாம்.

வாடை வந்தால் தெரிந்துவிடாதா என்றால், மூக்கை நம்பி உறங்க இயலாது. ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். உறங்குகின்ற பிள்ளையின் மூக்கோ காவல் காக்காது.

இந்தப் பேச்சின் நடுவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் படகில் சமையல் எரிவாயு உருளைக்குக் காக்பிட்டின் பின்மூலையில் தனிப்பெட்டி இருக்கின்றது. அந்தப் பெட்டிக்குக் கேபின் பக்கம் திறப்பே கிடையாது. அதன் அடியில் கடலுக்குத் திறக்கும் ஒரு துளை மட்டும் உண்டு. வாயு கசிந்தால் அது தன் கனத்தாலேயே அந்தத் துளை வழியாக இறங்கி வெளியே போய்விடும். அந்தப் படகைக் கட்டியவர் எங்களைப் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகளையும் அறியார். ஆனாலும் என்றோ ஒருநாள் அதில் உறங்கப்போகும் யாரோ சிலரின் உயிரை எண்ணி அந்தத் துளையைப் போட்டிருக்கின்றார். அவருடைய அந்தக் கவனத்தின் அருகிலேயே பெட்ரோல் மோட்டாரைப் படுக்கைக்குப் பக்கத்தில் கிடத்துவது எனக்கு நெருடலாக இருந்தது.

இடப் பிரச்சினையும் இருந்தது. பின்படுக்கையின் கால்பக்கம் வழியாகத்தான் கேபினின் நடுத்தரைக்கு வரவேண்டும். அந்த நடுத்தரைதான் எங்களுக்குத் தொழுகை இடம். அகலம் ஒரு முஸல்லா விரிக்கும் அளவுதான். ஒருவர் பின் ஒருவராகத்தான் தொழுவோம். எண்ணெய் சொட்டும் பொருளை அதன் மேலாகத் தினமும் தூக்கிச்சென்று, அதே பலகையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்ய யாருக்கும் மனம் ஒப்பாது.

அந்த நாள்களில் என் மாமி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மோட்டார் நம்முடைய ரிஸ்க் என்றால் யாராலும் எடுக்க முடியாது, நம்முடையது இல்லை என்றால் நூறு பூட்டுப் போட்டாலும் நிற்காது. வெளியிலேயே வை, அல்லாஹ் பாதுகாப்பான்" என்றார். என் கணவர் மரியாதையோடு, "உம்மா, அப்படியானால் உள்ளே வைத்தாலும் அல்லாஹ்தானே பாதுகாப்பான்?" என்றார். இருவர் சொன்னதிலும் ஈமான் இருந்தது. ஆனால் இரண்டு பேச்சுமே முடிவுக்கு உதவவில்லை. தவக்குல் என்ற சொல்லை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியும் என்பது எனக்கு அன்று புரிந்தது.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுவதா, கட்டிவிட்டுச் சாட்டுவதா என்று வினவிய மனிதரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ள செய்தியை நாம் அனைவரும் அறிவோம். நாம் பெரும்பாலும் அதைச் சோம்பலுக்கு எதிரான பாடமாகச் சொல்கின்றோம். எனக்கோ அதில் இன்னொரு பாடமும் தெரிகின்றது. ஒட்டகம் எங்கே கட்டப்பட வேண்டுமோ அங்கே கட்டப்படுகின்றது. அது தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தால், பிள்ளைகள் உறங்கும் கூடாரத்துக்குள் அதை இழுத்து வந்து கட்டுவோர் யாரும் இல்லை. கட்டுவது கடமை; கட்டும் இடத்தைத் தேர்வதும் அந்தக் கடமையின் பகுதிதான்.

இடத்தை எதைக்கொண்டு தேர்வது? இங்கே நம் அறிஞர்கள் வகுத்துத் தந்த ஒரு வரிசை எனக்கு உதவியது. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கின்றார்கள். பொருளைக் காப்பதும் அந்த ஐந்தில் ஒன்றுதான். அது அற்பமானது அன்று. உழைத்து வாங்கியதைத் திருடனுக்கு விட்டுவிடுவது தக்வா ஆகாது. ஆனால் பொருளைக் காக்கும் வழி உயிரை ஆபத்தில் வைக்குமானால், வரிசை தலைகீழாகிவிடுகின்றது. மோட்டார் வெளியே இருந்தால் அதிகபட்சமாக மோட்டார் போகும். உள்ளே இருந்து தீங்கு நேர்ந்தால் அது மோட்டாரோடு நிற்காது.

அன்றிரவு என் கணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "எது போனாலும் அது மட்டும் போகின்ற இடத்தில் அதை வைப்போம்." அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அளவுகோலை எடுத்துக்கொண்டு படகின் பின்கம்பியை அளக்கச் சென்றார்.

அதன் பிறகு கட்டும் வேலையை ஒழுங்காகச் செய்தோம். பழைய பலகையை அகற்றிவிட்டுத் தடித்த புதிய பலகையைக் கம்பியின் இரு குழாய்களோடும் சேர்த்துத் துருப்பிடிக்காத போல்ட்டுகளால் பொருத்தினார்கள். மோட்டாரைப் பலகையில் இறுக்கும் திருகுகள் இரண்டு. அந்தத் திருகுகளின் கைப்பிடிகள் இரண்டையும் சேர்த்து மூடும் குழல்வடிவப் பூட்டு ஒன்று போட்டோம். பூட்டுக்கு இரண்டு பயன். திருடனுக்குத் தடை, அதிர்வினால் திருகு தானாகக் கழல்வதற்கும் தடை. மோட்டாரின் வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டோம். இவ்வளவுக்குப் பிறகும் கருவிகளோடு வருகின்ற திருடன் எடுத்துச் செல்லலாம். அந்த அளவிலான இழப்பை அல்லாஹ்வின் நாட்டத்துக்கு விடுவதில் மனத்துக்கு அமைதி இருக்கின்றது.

நாள்தோறும் செய்யும் முறையும் ஒன்று உண்டு. டிங்கி பாய்ப்படகின் ஓரம் வந்து கயிறு கட்டிய பிறகு, எரிபொருள் குழாயை மூடிவிட்டு மோட்டாரைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுகின்றோம். கார்பரேட்டரில் இருந்த பெட்ரோல் அதனால் தீர்ந்துவிடும். கசிவும் குறையும், நாள்பட்ட பெட்ரோல் பிசுபிசுத்து உள்ளே அடைப்பதும் இராது. தொட்டி மூடியின் காற்றுத்திருகை இறுக்குகின்றோம். அடுத்ததுதான் மிக முக்கியமானது: பாய்ப்படகிலிருந்து வரும் காவல் கயிற்றை மோட்டாரில் கட்டாமல், டிங்கியின் திருகுகளை யாரும் தொடக்கூடாது. கயிறு முதலில், திருகு பிறகு. இந்த வரிசையைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்.

தூக்குவதற்குக் கப்பி வைத்திருக்கின்றோம். கயிறு நான்கு இழையாகச் செல்வதால், 17 கிலோ எடை கையில் நாலரை, ஐந்து கிலோ போலத் தெரியும். மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் வழிகாட்ட, தலை மேலும் விசிறி கீழுமாக மோட்டார் பலகைக்கு வந்து சேரும். உப்புநீர் முழுவதும் வடியும்வரை அது நிமிர்ந்தே நிற்கும். பிறகு திருகு, பூட்டு, மேலே ஒரு துணி உறை. காவல் கயிறு மட்டும் அவிழ்க்கப்படுவதே இல்லை. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் முன் தொட்டியையும் வெறுமையாக்கிவிடுவோம். ஐந்து லிட்டர் பெட்ரோல் கேனும் வெளியேதான் இருக்கும், நிழலான மூலையில் கட்டப்பட்டு. வெயிலில் பெட்ரோல் விரிவதால் அதை ஒருபொழுதும் விளிம்புவரை நிரப்புவதில்லை.

கயிற்றைக் கட்டும் பொறுப்பு எங்கள் மகனுடையது. அவனுடைய வாப்பா ஒருமுறை கூட அதை அவனுக்காகக் கட்டியதில்லை. கட்டியபின் சரிபார்ப்பார், அவ்வளவுதான். அமானிதம் என்ற சொல்லை அவன் மதரஸாவில் படித்திருக்கின்றான். அதன் எடையை அந்தக் கயிற்றில்தான் அறிந்துகொண்டான் என்று நினைக்கின்றேன்.

இரவில் மோட்டாரை டிங்கியிலேயே விட்டுவிடலாமே, காலையில் மறுபடி மாட்டும் வேலை மிச்சமாகுமே என்று சில நாள்களில் சோர்வு பேசும். அதற்குரிய பதில் ஒரு விடியற்காலையில் கிடைத்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்றும் மழையும் மலாக்கா நீரிணையைக் கடந்து வருவதுண்டு. அதை இங்குள்ளவர்கள் சுமத்ரா என்றே அழைப்பார்கள். பெரும்பாலும் விடியும் முன் வரும். தாயாங் புந்திங் தீவின் ஓரம் நாங்கள் நங்கூரமிட்டிருந்தபொழுது அப்படி ஒன்று வந்தது. சுமார் முக்கால் மணி நேரம் படகு நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டு இடமும் வலமும் பாய்ந்தது. மகள் என் மடியில் முகம் புதைத்திருந்தாள். நாங்கள் தெரிந்த துஆக்கள் அனைத்தையும் ஓதிக்கொண்டிருந்தோம்.

காற்று ஓய்ந்து வெளுக்கத் தொடங்கியபொழுது வெளியே பார்த்தோம். டிங்கி குப்புறக் கவிழ்ந்து, வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தது. கனமில்லாத ரப்பர் படகைக் காற்று அடியில் புகுந்து அப்படிப் புரட்டிவிடும். துடுப்புகள் கட்டியிருந்ததால் தப்பின. மோட்டார் பின்கம்பியில், போட்ட உறை போட்டபடி, காவல் கயிற்றோடு நிமிர்ந்து நின்றது. மகன் சிறிது நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "உம்மா, ராத்திரி எனக்குத் தூக்கமாக வந்தது. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று வாப்பாவிடம் கேட்க நினைத்தேன்" என்றான். பிறகு ஃபஜ்ர் தொழ உள்ளே சென்றான். அவன் ஸஜ்தாவில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருந்ததை நான் கவனித்தேன், எதுவும் கேட்கவில்லை.

இரவு வந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவுகளைச் சாத்துங்கள், தோல்பைகளின் வாயைக் கட்டுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்குகளை அணையுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியவை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. விளக்கை அணைக்கச் சொன்னதற்குக் காரணமும் கூறப்பட்டிருக்கின்றது: ஓர் எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும். இதைப் படிக்கும்பொழுதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். எதிரிப் படை என்று சொல்லப்படவில்லை, ஓர் எலி. உறங்குகின்ற குடும்பத்துக்கு ஆபத்து, பெரும்பாலும் அவ்வளவு சிறிய காலடியோடுதான் வருகின்றது. பெட்ரோல் ஆவிக்கு அந்தக் காலடி ஓசையும் இல்லை.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், தங்கள் பங்கில்தானே துளையிடுகின்றோம் என்று எண்ணிய உவமையையும் நாம் அறிவோம். மேலே இருப்பவர்கள் அவர்களைத் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். நான் இதைப் படகுக்கு மட்டும் உரியதாக எண்ணவில்லை. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். பொது மாடிப்படியின் அடியில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. தீப்பற்றினால் மேலே இருப்பவர்கள் இறங்கி வருவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய பெட்ரோல் தண்ணீர்ப் போத்தலில் சமையலறை மூலையில் இருக்கின்றது. மின்சார ஸ்கூட்டரின் பாட்டரி, இரவு முழுவதும் வீட்டின் ஒரே வாசற்கதவின் அருகே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றது. இவை அனைத்துக்கும் காரணம் ஒன்றுதான்: வெளியே வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்ற அச்சம். அச்சம் பொய்யன்று. ஆனால் எந்த அச்சத்துக்கு முதலிடம் கொடுக்கின்றோம் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது.

பெட்ரோல் இல்லாத மின்மோட்டார்களும் டிங்கிகளுக்கு வந்துவிட்டன. பாட்டரியைத் தனியே கழற்றிவிடலாம், தூக்குவது எளிது. எங்கள் மோட்டார் உழைத்து ஓய்ந்தபின் அப்படி ஒன்றை வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கின்றோம். அப்பொழுதும் அந்த லித்தியம் பாட்டரியை உப்புநீரும் கடும்வெயிலும் படாமல் எங்கே வைப்பது என்ற கேள்வி எழத்தான் போகின்றது. இன்ஷா அல்லாஹ், அன்றும் இதே அளவுகோலைத்தான் எடுப்போம்.

இந்த விஷயத்தில் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இயந்திரங்களைப் பற்றிய பேச்சு ஆண்களின் பேச்சு என்று ஒதுங்கிவிடாதீர்கள். எது எங்கே உறங்குகின்றது, யார் எங்கே உறங்குகின்றார்கள் என்பதை வீட்டில் உங்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. எரிவாயு வாடையை முதலில் உணரும் மூக்கு உங்களுடையது. அதை மரியாதையோடும் காரணத்தோடும் எடுத்துச் சொல்லுங்கள். சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: கேட்டு, ஓரிரவு யோசித்து, காலையில் அளவுகோலை எடுப்பது உங்கள் கண்ணியத்தைக் குறைக்காது. என் பிள்ளைகளின் கண்ணில் அது அவர்களுடைய வாப்பாவை உயர்த்தவே செய்தது.

இப்பொழுது படகில் இஷா முடிந்ததும் எங்களுக்கு ஒரு சிறு ஒழுங்கு உண்டு. மகள் தண்ணீர்க் குவளைகளை மூடுகின்றாள். நான் எரிவாயு உருளையின் வால்வை மூடுகின்றேன். மகன் பின்கம்பிக்குச் சென்று கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கின்றான். என் கணவர் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கேபின் கதவைச் சாத்துகின்றார். நம்மால் ஆனது அதோடு முடிந்துவிடுகின்றது. உறங்காதவனின் பொறுப்பில் நாம் உறங்கச் செல்கின்றோம்.

அல்லாஹ் நம் அனைவரின் வீடுகளையும் அவற்றில் உறங்கும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.